நாவலை எழுதி நாமே வெளியிடுவது: எந்த வேலை எந்த நேரத்தில்?

கேள்வி இது: நாவல் முப்பதாயிரம் சொற்கள் வரை வந்திருக்கிறது, மூன்றில் இரண்டு பங்குக் கதை முடிந்த மாதிரி தெரிகிறது. பதிப்பகம் தேடாமல் சொந்தமாக அச்சிலும் மின்நூலாகவும் கொண்டுவர எண்ணம். இப்போதே அட்டை வரையக் கொடுக்கலாமா, ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கலாமா, எதிலிருந்து தொடங்குவது?

அட்டையையும் ஐஎஸ்பிஎன்னையும் இப்போது தொடாதீர்கள். சுயமாக வெளியிடுபவர்கள் பணத்தையும் மாதங்களையும் இழப்பது பெரும்பாலும் திறமைக் குறைவால் நடப்பதில்லை. வேலைகளின் வரிசை மாறிப்போவதால் நடக்கிறது. கதையின் அமைப்பு உறுதியாகும் முன் எழுத்துப்பிழை பார்த்தால், திருத்திய அத்தியாயத்தையே பிறகு வெட்ட வேண்டி வரும். பக்க எண்ணிக்கை முடிவாகும் முன் அட்டை முடித்தால், முதுகின் அகலம் பொருந்தாது. அச்சுப்படி கைக்கு வரும் முன் வெளியீட்டுத் தேதியை அறிவித்தால், கண்ணில் பட்ட பிழையைத் திருத்தக்கூட நேரம் இருக்காது. பதிப்பகத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் "இது இன்னும் தயாராகவில்லை" என்று சொல்ல ஒருவர் இருப்பார். தனியாகச் செய்யும்போது அந்த ஆளும் நீங்கள்தான். அதனால் கட்டங்களை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரைவு

இப்போதைய ஒரே வேலை முதல் வரைவைக் கடைசி வரி வரை எழுதி முடிப்பது. முப்பதாயிரம் சொற்களில் பலர் நின்றுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் மூன்று அத்தியாயங்களையே திரும்பத் திரும்ப மெருகேற்றிக்கொண்டிருப்பது. முடிவு தெரியாத நிலையில் தொடக்கத்தைச் செதுக்குவதில் பயன் குறைவு. முடிவை எழுதிய பிறகு முதல் அத்தியாயம் எப்படியும் மாறும். பல நாவல்களில் அது முழுதாகவே போய்விடும்.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நாவல் எண்பதாயிரம் சொற்களாவது இருக்க வேண்டும் என்று ஆங்கில வழிகாட்டிகள் சொல்வதைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அதே கதை குறைவான சொற்களில், ஆனால் நீளமான சொற்களில் முடியும். நாற்பத்தைந்தாயிரம் தமிழ்ச் சொற்கள் என்பது கணிசமான நாவல். அச்சில் எத்தனை பக்கம் வரும் என்பதைக் கீழே கணக்கிட்டிருக்கிறேன்.

எஞ்சிய பதினைந்தாயிரம் சொற்களை ஒரு நாளைக்கு 500 என்று எழுதினால் 30 எழுத்து நாட்கள். வாரத்தில் ஐந்து நாள் எழுதினால் ஆறு வாரம். தினமும் 1,500 என்று இலக்கு வைத்து நான்காம் நாளே விட்டுவிடுவதைவிட இது கண்டிப்பாக நல்லது. எழுதும்போது தெரியாத தகவல் வந்தால் (ஒரு நோயின் அறிகுறி, ரயில் புறப்படும் நேரம், ஒரு கருவியின் பெயர்) தேடப் போகாதீர்கள். சதுர அடைப்புக்குறிக்குள் "சரிபார்" என்று போட்டுவிட்டு மேலே நகருங்கள். வரைவு முடிந்ததும் அந்தச் சொல்லைத் தேடினால் எல்லா இடமும் வரிசையாக வந்து நிற்கும். பெயரோ பின்னணியோ நடுவில் மாறினால்கூடப் பின்னால் போய்த் திருத்த வேண்டாம். குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டு, இனி புதிய பெயரிலேயே தொடருங்கள்.

கோப்பை மூன்று பிரதிகளாக, இரண்டு வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கும்படி வைத்திருங்கள். மேகச் சேமிப்பு மட்டும் போதாது. நீங்கள் தவறுதலாக அழித்தது அங்கேயும் அழியும். வாரம் ஒருமுறை தேதியைக் கோப்புப் பெயரில் சேர்த்துத் தனிப் பிரதி எடுங்கள். "இறுதி", "இறுதி புதியது", "உண்மையான இறுதி" என்று பெயர் வைத்தால் கடைசியில் தவறான கோப்புதான் அச்சகத்துக்குப் போகும்.

திருத்தம்: பெரியதிலிருந்து சிறியதற்கு

வரைவை முடித்ததும் நான்கு முதல் ஆறு வாரம் தொடாமல் வையுங்கள். எழுதிய சூட்டில் படித்தால், பக்கத்தில் இருப்பதைப் படிக்க மாட்டீர்கள். மனத்தில் இருப்பதைத்தான் படிப்பீர்கள். இடைவெளிக்குப் பிறகு ஒரே மூச்சில், பேனா இல்லாமல் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். அதன் பின் ஓர் அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி: எந்த நாள், எந்த நேரம், எங்கே, யார் யார் இருக்கிறார்கள், யாருடைய பார்வையில் சொல்லப்படுகிறது, எத்தனை சொற்கள், காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது.

அட்டவணையின் இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர்நாடி. அது காலியாக இருக்கும் காட்சி எவ்வளவு அழகான மொழியில் இருந்தாலும் கதையை நகர்த்தவில்லை. அதை வெட்டுங்கள், அல்லது அதில் உள்ள ஒரே தேவையான தகவலை அடுத்த காட்சிக்கு மாற்றுங்கள். நாவலின் நடுப்பகுதி தொய்ந்திருப்பதாகத் தோன்றும்போது அட்டவணையைப் பார்த்தால், பெரும்பாலும் மூன்று நான்கு காட்சிகள் அடுத்தடுத்து ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும். "யார் பார்வை" கட்டம் வேறொரு பிழையைக் காட்டிக்கொடுக்கும்: ஒரே காட்சிக்குள் ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் மனத்துக்குத் தெரியாமல் தாவியிருப்பது. நாள், நேரக் கட்டம் இல்லாமல் கர்ப்பம், பள்ளி விடுமுறை, பௌர்ணமி, மழைக்காலம் ஆகியவற்றைச் சரிபார்க்கவே முடியாது. ஏழு மாதக் கதையில் இரண்டு முறை கோடை வந்துவிடும் நாவல்கள் உண்டு.

அமைப்பு சரியானதும் இரண்டாம் வரைவு. அதன் பிறகுதான் முதல் வாசகர்கள். ஐந்திலிருந்து ஏழு பேர் போதும். அவர்களில் பாதிப் பேராவது நாவல் படிக்கும் பழக்கம் உள்ளவர்களாக, உங்களுக்கு முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்? எந்த இரண்டு பாத்திரங்களைக் குழப்பிக்கொண்டீர்கள்? எதை நம்ப முடியவில்லை? எந்த இடத்தில் வேகமாகத் தள்ளிப் படித்தீர்கள்? ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே சிக்கல் நிச்சயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் தீர்வு சரியாக இருக்க வேண்டியதில்லை. பதினைந்தாம் அத்தியாயம் சலிப்பாக இருக்கிறது என்பார்கள். காரணம் ஏழாம் அத்தியாயத்திலேயே ரகசியம் வெளியாகிவிட்டதாக இருக்கலாம்.

செம்மையாக்கத்துக்கு வெளியாள் கட்டாயம் வேண்டும். கையில் இருக்கும் பணத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் செலவிட முடியும் என்றால் அட்டையைவிட இங்கேதான் செலவிடச் சொல்வேன். இதில் மூன்று தனி வேலைகள் இருக்கின்றன: கதையமைப்பைப் பார்ப்பது, வாக்கியங்களைச் செம்மையாக்குவது, அச்சுக்கோத்த பின் மெய்ப்புப் பார்ப்பது. மூன்றையும் ஒரே வாசிப்பில் செய்து தருகிறேன் என்பவர் உண்மையில் மூன்றாவதை மட்டுமே செய்வார். முழுப் பிரதியையும் கொடுப்பதற்கு முன், நடுவிலிருந்து பத்துப் பக்கம் கொடுத்து மாதிரித் திருத்தம் வாங்குங்கள். திருத்தங்கள் தடம் தெரியும்படி இருக்க வேண்டும். உங்கள் நடையைத் தன் நடையாக மாற்றுகிறாரா, கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் தானே முடிவெடுக்கிறாரா என்பது அந்தப் பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

கூடவே ஒரு நடைத்தாள் கொடுங்கள். தமிழில் இது இல்லாமல் ஒருமை வராது. "போய்விட்டான்" சேர்த்தா, பிரித்தா? "சந்தோஷம்", "சந்தோசம்" எது? "ஹோட்டல்", "ஓட்டல்" எது? எண்களை எழுத்தாலா, இலக்கத்தாலா? உரையாடலுக்கு இரட்டை மேற்கோளா, ஒற்றையா? மனத்துக்குள் நினைப்பதை எப்படிக் காட்டுவது? விவரணையில் ஒற்று மிகும் இடங்களை முழுக்கக் கடைப்பிடித்துவிட்டு, பேச்சுவழக்கில் எவ்வளவு தளர்த்துவது? வட்டார வழக்கில் ஒரே சொல்லை ஒரே பாத்திரம் இரண்டு விதமாகச் சொல்லாமல் பார்ப்பதற்கு, பாத்திரத்துக்கு ஒரு பத்தி என்று எழுதி வையுங்கள்.

எப்போது நிறுத்துவது? நேற்று மாற்றியதை இன்று பழையபடி திருப்பி வைக்கத் தொடங்கினால், உங்கள் பங்கு முடிந்துவிட்டது.

அச்சுக்கோப்புக்கு முன் கோப்பைச் சுத்தம் செய்வது

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு நூறு பக்கங்களில் கையால் திருத்துகிறார்கள். பிரதி முழுக்க யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருக் குறியேற்றத்தில் தட்டச்சு செய்த பகுதி இருந்தால் மாற்றி மூலம் மாற்றிய பின், ஸ்ரீ, ஔ, மேற்கோள் குறிகள் ஆகியவற்றைத் தனியாகப் பாருங்கள். அவைதான் வழக்கமாகச் சிதையும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. சில விசைப்பலகைகளில் "ர்" என்பதற்குப் பதில் துணைக்காலும் புள்ளியும் விழுந்துவிடும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அச்சில் பெரிய பாதிப்பு இருக்காது. மின்நூலிலோ தேடினால் சொல் கிடைக்காது, குரல்வழிப் படிக்கும் செயலி தடுமாறும். தேடி மாற்றும் வசதியில் துணைக்கால் + புள்ளியை "ர்" ஆக்குங்கள்; துணைக்காலை அடுத்து இகர, ஈகாரக் குறி வந்தால் "ரி", "ரீ" ஆக்குங்கள். துணைக்காலுக்குப் பின் இந்தக் குறிகள் முறையாக வரவே வராது என்பதால் மொத்தமாக மாற்றுவதில் ஆபத்தில்லை. "ஔ" வர வேண்டிய இடத்தில் "ஒ", "ள" என்று இரண்டு எழுத்துகளாக அடித்திருப்பதையும், "எ" இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு விழுந்திருப்பதையும் பாருங்கள். இரட்டை இடைவெளி, பத்தித் தொடக்கத்துக்கு இடைவெளிப் பட்டையைப் பலமுறை தட்டியது, புதிய பக்கத்துக்காக வெற்று வரிகளை அடுக்கியது எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அத்தியாயத் தலைப்பு, பத்தி, காட்சி மாற்றம் ஆகியவற்றுக்குப் பாணிகளை வரையறுங்கள். இதே கோப்பிலிருந்துதான் மின்நூலும் பிறக்கப் போகிறது.

பக்கம், தாள், முதுகு

நாவலுக்கு அதிகம் புழங்கும் அளவு டெம்மி, 5.5 × 8.5 அங்குலம், ஏறத்தாழ 140 × 216 மி.மீ. உள் ஓரம் 20, வெளி ஓரம் 15, மேலே 18, கீழே 20 மி.மீ. விட்டால் எழுத்துப் பகுதி 105 × 178 மி.மீ. எழுத்து 11 புள்ளி, வரியிடைவெளி 16 புள்ளி என்றால் பக்கத்துக்கு 31 வரி. தமிழில் இந்த அகலத்துக்கு வரிக்குச் சுமார் 6 சொல். உரையாடல் வரிகள் பாதியில் முடிவதால் பக்கத்துக்கு 170–180 என்று கொள்ளலாம். 45,000 சொற்களுக்குச் சுமார் 250 முதல் 260 பக்கம். இது தோராயம்தான், நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் பத்துப் பக்கம் கோத்துப் பார்த்துவிட்டுக் கணக்கிடுங்கள், எழுத்துருவுக்கு எழுத்துரு அகலம் நிறைய மாறும்.

தாள்கள் 16 பக்கப் படிவங்களாக மடிக்கப்படும் அச்சகத்தில் மொத்தப் பக்கம் 16-ன் மடங்காக இருப்பது நல்லது. 256 பொருந்தும். 259 வந்தால் 272-க்குப் போக வேண்டும். பதின்மூன்று வெற்றுப் பக்கங்களுக்கும் பணம் கொடுப்பீர்கள். அத்தியாய இறுதியில் இரண்டு வரி மட்டும் தங்கியிருக்கும் பக்கங்களைத் தேடி முந்தைய பத்திகளை இறுக்கினால் மூன்று பக்கம் எளிதில் குறையும். முன்பக்கங்களை (தலைப்பு, உரிமைப் பக்கம், சமர்ப்பணம், முன்னுரை) கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். எட்டுப் பக்கம் அதற்கே போகும்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோப்பவர் என்றால், பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான வேர்ல்ட் ரெடி கம்போசரை இயக்கியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இருபுறமும் சீரமைத்த பத்தியில் தமிழின் நீண்ட சொற்கள் உடையாமல் போனால் வரிகளுக்குள் ஆறுபோல் வெள்ளை இடைவெளி ஓடும். அதனால் சொல்லை உடைக்கத்தான் வேண்டும். தமிழ்ப் புத்தகங்களில் பொதுவாக இணைப்புக்கோடு போடாமலேயே உடைக்கிறார்கள். எங்கு உடைத்தாலும் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. ஒற்றை எழுத்தும் தனியே தொங்கக் கூடாது. பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக நிற்காமல் பார்ப்பதும் இங்கேதான்.

அச்சுக்கோத்த பிறகு கதையைத் திருத்தக் கூடாது. ஒரு பத்தி சேர்த்தால் அந்த அத்தியாயம் முழுக்க வரிகள் நகரும். ஏற்கெனவே சரிபார்த்த உடைப்புகள் மறுபடி கெடும். மெய்ப்பைத் தாளில் எடுத்துப் பாருங்கள். திரையில் தப்பிய பிழை தாளில் சிக்கும். இரண்டாம் மெய்ப்பில், திருத்தச் சொன்ன இடத்தோடு நின்றுவிடாமல் அந்தப் பத்தி முழுவதையும், அதற்கு அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் படியுங்கள். புதுப் பிழைகள் பிறப்பது அங்கேதான்.

உள்தாள் பொதுவாக 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை அளவு), அட்டை 250 முதல் 300. நாவலுக்கு வெண்மை கூசாத, சற்றே பழுப்பு கலந்த தாள் கண்ணுக்கு இதம். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து நிழலாடும். மாதிரித் தாளில் அச்சிட்டுப் பார்க்காமல் 60-க்கு இறங்காதீர்கள். தாளின் இழையோட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்காக இருந்தால் புத்தகம் விரியாது, ஈரக் காற்றில் முதுகோரம் அலையலையாகும். பசையில் ஒட்டும் கட்டு 256 பக்கத்துக்குப் போதும். நானூறு, ஐந்நூறு பக்கமானால் படிவங்களைத் தைத்து ஒட்டுவது பாதுகாப்பு.

முதுகுக் கணக்கு எளிது: பக்கங்களில் பாதி, தாளின் தடிமனால் பெருக்கினால் வரும். 256 பக்கம் என்றால் 128 தாள். 80 ஜிஎஸ்எம் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. என்று கொண்டால் 12.8; இரு பக்க அட்டைக்கும் சேர்த்து 0.7; ஆக 13.5 மி.மீ. தாளின் பருமன் ஆலைக்கு ஆலை மாறும், அதனால் உறுதியான எண்ணை அச்சகத்திடமே எழுத்தில் வாங்குங்கள். அட்டையின் மொத்த அகலம் 140 + 13.5 + 140, வெட்டுக்காகச் சுற்றிலும் 3 மி.மீ. சேர்த்து 299.5 மி.மீ.; உயரம் 222. பக்க எண்ணிக்கை உறுதியாகும் வரை அட்டையின் முன்பக்கத்தை மட்டும் வடிவமைக்கச் சொல்லலாம். முழு அட்டை கடைசியில்தான்.

அட்டை இணையத்தில் கட்டைவிரல் நகம் அளவில்தான் முதலில் கண்ணில் படும். அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்த்து, தலைப்பும் பெயரும் படிக்க வருகிறதா என்று பாருங்கள். படங்கள் அச்சு அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் நான்கு வண்ண முறையில். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் தாளில் மங்கும். இருண்ட பின்னணி இன்னும் இருளும். உள்பக்க எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். சொல்செயலியிலிருந்து நேரே எடுத்த பிடிஎஃப்பில் கறுப்பு நான்கு வண்ணக் கலவையாகிவிடுவதுண்டு. அச்சில் எழுத்தின் ஓரம் மங்கலாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். எழுத்துருக்கள் பிடிஎஃப்புக்குள் பொதிந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

ஐஎஸ்பிஎன்னும் உரிமையும்

2007 முதல் ஐஎஸ்பிஎன் 13 இலக்கம். 978 அல்லது 979-ல் தொடங்கும். அதை அந்தந்த நாட்டின் முகமை வழங்கும்; சில நாடுகளில் இலவசம், சிலவற்றில் விலைக்கு. இலவசமாகத் தரும் இடங்களில் விண்ணப்பத்துக்குப் பதில் வர நாளாகலாம் என்பதால் செம்மையாக்கம் நடக்கும்போதே விண்ணப்பியுங்கள். சாதா அட்டை, கெட்டி அட்டை, இபப் (மின்நூலுக்கான பொதுக் கோப்பு வடிவம்) மின்நூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். மாற்றமில்லாத மறு அச்சுக்கும் விலை மாற்றத்துக்கும் புதிய எண் வேண்டாம். உள்ளடக்கம் கணிசமாக மாறினால் வேண்டும். கிண்டில் மின்நூலுக்கு ஐஎஸ்பிஎன் கட்டாயம் இல்லை, அமேசான் தன் அடையாள எண்ணைத் தரும். ஒரு தளம் இலவசமாகத் தரும் ஐஎஸ்பிஎன்னை ஏற்றால் அது அந்தத் தளத்தில் மட்டுமே செல்லும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். பட்டைக்குறியின் முழு அளவு 37.29 × 25.93 மி.மீ.; 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. வெள்ளைப் பின்னணியில் தனிக் கறுப்பில் அச்சிடுங்கள்.

பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே உங்களுடையது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் அதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் பிறர் உரிமையும் அதே வேகத்தில் உங்களைத் தடுக்கும். பாடல் வரிகள், அட்டைப் படம், எழுத்துரு மூன்றிலும் எழுத்துபூர்வ அனுமதியோ உரிமமோ வேண்டும். ஒரு பாத்திரம் பாட்டு முணுமுணுக்க வேண்டும் என்றால் வரியைத் தராமல் பாட்டு ஒலித்ததைச் சொல்லிவிடலாம்.

பணம் வாங்கிக்கொண்டு "பதிப்பித்துத் தரும்" சேவைகளிடம் போனால் ஒப்பந்தத்தில் நான்கைப் பாருங்கள். உரிமை உங்களிடமே இருக்கிறதா, ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளை ஒற்றை வரியில் வளைத்திருக்கிறார்களா, எத்தனை ஆண்டுக்கு, விலகினால் அச்சுக்கோப்பின் மூலக் கோப்பும் அட்டையின் அடுக்குக் கோப்பும் கைக்கு வருமா. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அடுத்த பதிப்புக்கு எல்லா வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

மின்நூல்

பிடிஎஃப்பை மின்நூலாக மாற்ற முயலாதீர்கள். வரி உடைப்புகளும் பக்க எண்களும் உரைக்குள் புகுந்துவிடும். சுத்தம் செய்த மூலக் கோப்பிலிருந்து இபப் எடுத்து, இபப்செக் என்ற இலவசச் சோதனைக் கருவியில் ஓட்டுங்கள். அத்தியாயத் தலைப்புகள் தலைப்புப் பாணியில் இருந்தால் உள்ளடக்கப் பட்டியல் தானே உருவாகும். காட்சி மாற்றத்தை வெற்று வரியால் மட்டும் காட்டினால் அது திரையின் ஓரத்தில் விழும்போது மறைந்துவிடும். மூன்று நட்சத்திரமோ சிறு குறியோ போடுங்கள். எழுத்துக்குக் கறுப்பு நிறத்தைக் கட்டாயப்படுத்தியிருந்தால் இருள் திரையில் எதுவும் தெரியாது. கைப்பேசியில் மிகப் பெரிய எழுத்தளவிலும், இருள் திரையிலும் முதல் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். கிண்டிலுக்கு அட்டை 1600 × 2560 படப்புள்ளி.

அமேசானின் சுயவெளியீட்டுத் தளமான கேடிபியில் 70 சதவீத உரிமத்தொகை குறிப்பிட்ட விலை வரம்புக்குள், குறிப்பிட்ட நாடுகளின் விற்பனைக்கு மட்டும்; மற்றவற்றுக்கு 35. எழுபது சதவீதத் திட்டத்தில் கோப்பின் அளவுக்கேற்பக் கட்டணம் கழியும், எனவே படங்களைச் சுருக்குங்கள். மின்நூலை அமேசானுக்கு மட்டுமே தரும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில்கூட. தொடராக எழுதிய அத்தியாயங்கள் இணையத்தில் கிடந்தால் முதலில் நீக்குங்கள். மொழி ஆதரவு மின்நூலுக்கு ஒரு விதமாகவும் அச்சுப் புத்தகத்துக்கு வேறு விதமாகவும் இருக்கும். தமிழ் எதில் இருக்கிறது என்பதைக் கணக்குத் தொடங்கும்போதே பாருங்கள். உரையோ படமோ செயற்கை நுண்ணறிவால் உருவானது என்றால் பதிவேற்றும்போது தெரிவிக்க வேண்டும்.

தலைப்பையும் பெயரையும் எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். வாசகர்களில் பலர் ரோமன் எழுத்தில் தட்டித் தேடுவதால், அந்த வடிவத்தையும் ஒருமுறை முடிவுசெய்து மாற்றாமல் வையுங்கள். நூல் அறிமுகத்தில் முதல் இரண்டு வரிதான் சொடுக்காமல் தெரியும். ஆசிரியர் பெற்ற பரிசுகளை அங்கே வைத்து வீணாக்காமல், யாருக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

எத்தனை பிரதி, என்ன விலை

தகட்டச்சில் (ஆஃப்செட்) தொடக்கச் செலவு அதிகம், பிரதி கூடக்கூட ஒரு பிரதியின் செலவு இறங்கும். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் தொடக்கச் செலவு குறைவு, ஆனால் ஒரு பிரதியின் செலவு இறங்காது. முதல் நாவலுக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஆயிரம் அடித்தால் மலிவு என்ற கணக்கு ஆயிரமும் விற்றால்தான் உண்மை.

விலையை 100 பங்காக வையுங்கள். கடைக்கும் விநியோகத்துக்கும் 40, அச்சுக்கு 25, கட்டு, அஞ்சல், சேதத்துக்கு 10 போனால் மிச்சம் 25. செம்மையாக்கம், அட்டை, அச்சுக்கோப்பு ஆகியவற்றுக்கான மொத்தச் செலவு 75 பிரதிகளின் முழு விலைக்குச் சமம் என்றால், அதை மீட்க 300 பிரதி விற்க வேண்டும். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்து, அந்த எண்ணிக்கை எட்ட முடியாததாகத் தெரிந்தால் விலையை உயர்த்துவதற்கு முன் பக்கத்தையும் தாளையும் பாருங்கள். அஞ்சலுக்கு எடை முக்கியம்: மேலே சொன்ன 256 பக்கப் புத்தகம் 80 ஜிஎஸ்எம் தாளில் சுமார் 330 கிராம், 70-ல் சுமார் 290. உங்கள் அஞ்சல் கட்டணப் படிநிலை இதற்கு நடுவில் எங்காவது மாறினால் தாள் தேர்வு அதிலேயே முடிவாகிவிடும்.

மொத்த அச்சுக்குச் சம்மதம் சொல்லும் முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி வாங்குங்கள். நடுப்பக்கத்தை விரித்து உள் ஓரத்தில் எழுத்து மடிப்புக்குள் மறைகிறதா, முதுகில் தலைப்பு நடுவில் இருக்கிறதா, பக்க எண்கள் தொடர்கின்றனவா, பட்டைக்குறி கைப்பேசியில் வாசிக்கிறதா என்று பாருங்கள். வெளியீட்டுத் தேதியை இதன் பிறகே அறிவியுங்கள். மதிப்புரைக்கான பிரதிகள், இருபது முப்பது போதும், நான்கு வாரம் முன்பே போக வேண்டும். அமேசானில் குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் எழுதும் மதிப்புரைகள் விதிக்குப் புறம்பானவை, நீக்கப்படும், அவர்களிடம் கேட்காதீர்கள்.

வெளியான பின் வாசகர்கள் காட்டும் பிழைகளைப் பக்கம், வரி எண்ணோடு ஒரே தாளில் சேருங்கள். மின்நூலில் உடனே திருத்தலாம். அச்சில் அடுத்த அச்சுக்கு வையுங்கள். கடைகளில் விற்பனைக்கு வைக்கும் பிரதிகளுக்கு எண்ணிக்கை, தேதி, கழிவு, திருப்பி எடுக்கும் காலம் எழுதிய ரசீது வாங்குங்கள். விற்றது, இலவசமாகத் தந்தது, சேதமானது, கடைகளில் இருப்பது என்று நான்கு பத்திகளில் கணக்கு வைத்தால், மறு அச்சு எப்போது, எத்தனை என்பதை இருப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். மறு அச்சில் தாளையோ அச்சகத்தையோ மாற்றினால் முதுகின் அகலத்தை மறுபடி கணக்கிடுங்கள்.